ஒரே ஒரு மேடை... மூன்று பள்ளி மாணவிகள்! ‘பிரகாஷ்’ இசைக்குழுவின் கதை

சித்திரை, வைகாசி வந்துவிட்டால் செஞ்சி வட்டாரத்தில் ராத்திரித் தூக்கம் என்பதே கிடையாது. ஏதாவது ஓர் ஊரில் திரௌபதியம்மன் திருவிழா நடந்துகொண்டிருக்கும். சாப்பாட்டு நேரம் முடிந்து ஊர் அடங்கிய பிறகு தெருக்கூத்து தொடங்கும். மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், தாளம் என விடிய விடியச் சத்தம்தான்.

திரௌபதியம்மன் வழிபாட்டுக்கே மூலக்கோயில் என்று சொல்லப்படும் மேலச்சேரி, செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தக் கதையின் நாயகி பெண். கோயிலில் இருக்கும் தெய்வம் பெண். முன்வரிசையில் பாய் விரித்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கண்விழித்திருப்பவர்களிலும் பெண்கள் நிறைய. ஆனால், கூந்தலை விரித்துப்போட்டு சபதம் செய்யும் திரௌபதி, காலங்காலமாக ஒரு ஆண். வாத்தியத்துக்கு உட்கார்ந்திருப்பவர்களும் ஆண்கள். காஞ்சிபுரம் பக்கத்தில் 2002-ல் தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் சேர்ந்து கூத்து கற்றுக்கொண்டார்கள் என்பதே இந்தக் கலையின் வயதோடு ஒப்பிட்டால் நேற்றைய செய்தி.

பெண் பாடக் கூடாது என்று நம் ஊரில் யாரும் சொன்னதில்லை. தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி, ஒப்பாரி எல்லாமே அவளுடைய சொத்துதான். அவள் மேடையேறி, மைக்கைப் பிடித்து, கையில் ஒரு கருவியோடு ஓங்கிச் சத்தம் எழுப்பும்போதுதான் ஊருக்குத் திடீரென்று காது கேட்க ஆரம்பிக்கிறது.

செஞ்சியிலிருந்து சாலை வழியாகப் போனால் 3,000 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஸ்ரீநகரிலும் இதே கதைதான். அங்கே 2012-ல் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த மூன்று மாணவிகள் சேர்ந்து ஒரு ராக் இசைக்குழு தொடங்கினார்கள். காஷ்மீரின் முதல் பெண்கள் ராக் குழு என்று பேசப்பட்ட அந்தக் குழுவின் பெயர் ‘பிரகாஷ்’. தமிழில் எழுதினால் பக்கத்து வீட்டு அண்ணன் பெயர் மாதிரி இருக்கும். காஷ்மீரி மொழியில் வெளிச்சம் என்று அர்த்தம். நம்முடைய ‘பிரகாசம்’தான் அது.

ஒருவர் பாட்டும் கிட்டாரும். இன்னொருவர் பேஸ் கிட்டார். மூன்றாமவர் டிரம்ஸ். ஸ்ரீநகரில் ‘பேண்ட் இன்’ என்ற இசைப் பயிற்சிக்கூடத்தை நடத்திவந்த அத்னான் மட்டூ இவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். பெண்களின் பெயர்களும் படங்களும் அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால், இன்னொரு முறை அந்தப் பெயர்களை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை என்றே தோன்றுகிறது.

2012 டிசம்பரில் ஸ்ரீநகரில் இசைக்குழுக்களுக்கான போட்டி ஒன்று நடந்தது. மற்ற குழுக்களில் பையன்கள். இந்த மூன்று பேரும் மேடையேறி வாசித்தார்கள். சிறந்த நிகழ்ச்சிக்கான பரிசும் கிடைத்தது. முதல் மேடையிலேயே பரிசு! எந்த வீட்டிலும் அன்றைக்குப் பாயசம் வைத்திருப்பார்கள்.

அதுதான் அவர்களுடைய கடைசி மேடையும்.

அடுத்து என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன், மேற்கத்திய இசை பற்றிப் படிக்கும்போது அடிக்கடி கண்ணில்படும் ஒரு சொல்லைப் பார்த்துவிடலாம். ‘காரேஜ் பங்க்.’ காரேஜ் என்றால் கார் ஷெட்தான். 1960-களில் அமெரிக்காவில் ஸ்டூடியோவுக்கு வாடகை கொடுக்க வசதியில்லாத பையன்கள், வீட்டு கார் ஷெட்டில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே டிரம்ஸைப் போட்டு வாசித்துப் பழகினார்கள். சுருதி விலகும், தாளம் தப்பும், ஸ்பீக்கர் கரகரக்கும். அந்தக் கரகரப்பே பிறகு ஒரு பாணியானது. 1970-களின் நடுவில் ‘பங்க்’ வந்தது. மூன்றே மூன்று கார்டு, வேகம், மனதில் இருப்பதை அப்படியே கத்திவிடும் துணிச்சல். பல வருடம் குருகுலவாசம் இருந்தால்தான் மேடை என்ற கணக்கை அது உடைத்தது. 1976-ல் லண்டனில் ‘தி ஸ்லிட்ஸ்’ என்ற பெண்கள் குழு கிளம்பியது அந்த அலையில்தான்.

இதில் பெரிய விஷயம் இசையைவிட அந்த ஷெட். தப்புத்தப்பாக வாசிக்க ஒரு இடம். தெரிந்தவர்கள் மட்டும் கேட்டு, சிரித்து, “பரவாயில்லை, இன்னொரு தடவை வாசி” என்று சொல்லும் இடம். ஆண் பிள்ளைகளுக்கு மொட்டைமாடி, கிரிக்கெட் கிரவுண்டு, நண்பனின் மெக்கானிக் ஷெட் என்று அப்படி ஏகப்பட்ட இடங்கள். பெண் பிள்ளை டிரம்ஸ் பழக எங்கே போவாள்?

ஸ்ரீநகர் மாணவிகளுக்குப் பயிற்சிக்கூடம் என்ற ஒரு ‘ஷெட்’ இருந்தது. வீட்டிலும் தடுக்கவில்லை. ஆனால், முதல் மேடை முடிந்து ஒரு மாதத்துக்குள் அவர்கள் வந்து நின்றது இணையத்தின் நட்டநடுத் தெருவில்.

அவர்களுடைய ஃபேஸ்புக் பக்கத்தில் முதலில் கிண்டல். பிறகு வசவு. அடுத்து பாலியல் வன்கொடுமை செய்வோம் என்ற மிரட்டல். படிக்கிறவர்கள் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். 2013 பிப்ரவரி தொடக்கத்தில் அது தேசியச் செய்தியானது. அப்போதைய முதல்வர் உமர் அப்துல்லா, மாணவிகளுக்கு ஆதரவாக ட்விட்டரில் எழுதினார். மறுபக்கம், காஷ்மீரின் தலைமை முஃப்தி என்று அறியப்பட்ட பஷீருதீன் அகமது, பெண்கள் இப்படிப் பாடுவது மார்க்கத்துக்கு விரோதமானது என்று கருத்துச் சொன்னார். டி.வி சேனல்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ராத்திரி முழுக்க விவாதம் நடத்தின. மூன்று மாணவிகளின் இசைக்குழு, ஒரே வாரத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கும் கயிறாகிவிட்டது.

பிப்ரவரி முதல் வாரத்திலேயே குழுவைக் கலைத்துவிட்டார்கள். இங்குள்ள மக்களுக்குப் பிடிக்கவில்லை, அதனால் நிறுத்திக்கொள்கிறோம் என்பதுதான் அவர்கள் தரப்பில் வெளியே வந்த விளக்கம். மிரட்டியவர்கள்மேல் போலீஸ் வழக்குப் பதிந்தது, சிலர் கைதும் செய்யப்பட்டார்கள். ஆனால், வழக்கு வந்து சேர்வதற்குள் டிரம்ஸ் நின்றுவிட்டது.

இதைப் படித்ததும் “அந்த ஊர் அப்படித்தான், அந்த மதம் அப்படித்தான்” என்று முடித்துவிடுவது ரொம்ப சுலபம். உண்மை அவ்வளவு சுலபமாக இல்லை. காஷ்மீரில் கல்யாண வீடுகளில் பெண்கள் கூட்டமாக நின்று ‘வன்வுன்’ பாடுவது பழங்கால வழக்கம், நம் ஊர் நலங்குப் பாட்டு மாதிரி. 1954-லிருந்து ரேடியோ காஷ்மீரில் பாடி, வீட்டுக்கு வீடு தெரிந்த குரலானவர் ராஜ் பேகம். 2002-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். பெண் பாடி அந்த மண் கேட்டிருக்கிறது, கொண்டாடியிருக்கிறது. மாணவிகளுக்காக அன்றைக்குப் பேசியவர்களிலும் காஷ்மீரிகள் ஏராளம்.

நம் பக்கமும் பார்த்துவிடலாம். மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபால், சென்னையில் விக்கு விநாயக்ராமின் அப்பா ஹரிஹர சர்மா நடத்திய தாள வாத்தியப் பள்ளியில் மிருதங்கம் பயின்றார். கடம் வாசிக்க ஆசை வந்தது. பெண்ணின் கைவிரல்களுக்கு மண்பானை தாங்காது என்று முதலில் தயங்கினார் விக்கு விநாயக்ராம். ஹரிஹர சர்மாதான் “நான் கற்றுத்தருகிறேன்” என்று முன்வந்தார். கற்றுக்கொண்டு கச்சேரிக்கு வந்தபிறகும், பெண் கடம் வாசித்தால் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்றார்கள் சில வித்வான்கள். அவர் 1995-ல் ‘ஸ்த்ரீ தாள் தரங்’ என்று பெண்களை மட்டுமே வைத்து ஒரு தாள வாத்தியக் குழுவைத் தொடங்கிவிட்டார். திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை அடித்து ஆடுகிறார்கள். சாவு வீட்டுக் கருவி என்றும், ஆண்கள் கருவி என்றும் இரண்டு விதமாக ஒதுக்கப்பட்ட பறையை இளம்பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்கு வருவது சாதாரண விஷயம் இல்லை. அவர்களுக்கும் வசவு விழாமலா இருந்திருக்கும்? ஆனால், திரும்பிப் போய் நிற்க ஒரு கூடம் இருந்தது, கூட நிற்க ஆள் இருந்தார்கள்.

அப்படி ஒரு இடமும் கொஞ்சம் நேரமும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானின் ‘ஷோனென் நைஃப்’ நல்ல உதாரணம். 1981 டிசம்பர் கடைசியில் ஒசாகாவில் நவோகோ யமானோ, அவர் தங்கை அட்சுகோ, தோழி மிச்சியே நகாதானி மூவரும் தொடங்கிய பங்க் குழு. பெரிய புரட்சியெல்லாம் பேசவில்லை. ஐஸ்கிரீம், ஜெல்லி பீன்ஸ், சுஷி என்று சாப்பாட்டைப் பற்றித்தான் நிறையப் பாடினார்கள்! அலுவலக வேலையும் பார்த்துக்கொண்டே வாசித்தார்கள். ஆரம்ப வருடங்களில் உலகம் அவர்களைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. அதுவே ஒரு வகையில் வரம். பத்து வருடம் கழித்து, 1991-ல், ‘நிர்வானா’ குழு பிரிட்டனில் சுற்றுப்பயணம் போனபோது இவர்களையும் கூடவே அழைத்துப்போனது. தோழி 1999-ல் விலகினார். தங்கை கல்யாணமாகி அமெரிக்கா போனார், பல வருடம் கழித்து மறுபடி வந்து சேர்ந்துகொண்டார். நம் வீடுகளில் “கல்யாணத்துக்கு முன்னாடி நல்லா பாடுவா” என்று ஒரு வாக்கியம் உண்டே, அதை அந்தக் குழுவில் யாரும் கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது. நவோகோ ஒரு வருடம்கூடக் குழுவை மூடவில்லை. 2023-லும் புது ஆல்பம் வந்தது. நாற்பது வருடங்களைத் தாண்டிய கணக்கு அது.

ஒசாகா வசதியான பெரிய நகரம், அங்கே எதிர்ப்பு இல்லை என்று சொல்லலாம். சரி, இந்தோனேசியாவுக்கு வருவோம். மேற்கு ஜாவாவில் கரூட் பகுதியில், ஹிஜாப் அணிந்த மூன்று பள்ளி மாணவிகள் 2014-ல் ஒரு மெட்டல் குழு தொடங்கினார்கள். பெயர் ‘வாய்ஸ் ஆஃப் பாச்செப்ரோட்’. அவர்களுடைய சுண்டா மொழியில் பாச்செப்ரோட் என்றால் ஓயாத சளசளப்பு என்று பொருள். அதாவது, வாயாடி! இவர்களுக்கும் இதே குற்றச்சாட்டு வந்தது, இதே மிரட்டல் வந்தது. வித்தியாசம், பள்ளியில் ஆலோசகராக இருந்த ஆசிரியர் ஒருவர் கடைசிவரை கூடவே நின்றார். கோபமாகப் பாடும் இசையை முதலில் அவர்கள் கேட்டதே அவருடைய லேப்டாப்பில்தான். 2024-ல் பிரிட்டனின் கிளாஸ்டன்பரி இசை விழாவில் வாசித்த முதல் இந்தோனேசியக் குழு இவர்களுடையது.

‘பிரகாஷ்’ மாணவிகளிடம் இருந்த திறமை இவர்களுடையதற்குக் குறைந்ததா, கூடியதா? ஒரே ஒரு மேடையை வைத்து யாராலும் சொல்ல முடியாது. அடுத்த மேடையில் சொதப்பியிருக்கலாம். கல்லூரிக்குப் போனதும் சலித்துப்போய் அவர்களே விட்டிருக்கலாம். பிளஸ் டூவில் மார்க் குறைகிறது என்று வீட்டில் கிட்டாரைப் பரணில் தூக்கிப் போட்டிருக்கலாம். எத்தனையோ பையன்களின் குழுக்கள் அப்படித்தான் கலைகின்றன. இவர்களுக்குச் சொதப்பவும் சலிக்கவும்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

காஷ்மீரில் அதற்குப் பிறகு என்ன ஆனது என்று கேட்கிறீர்களா? ராப் பாடும் பெண்கள் ஸ்ரீநகரிலிருந்து வந்திருக்கிறார்கள். பந்திப்போரா மாவட்டத்தில் கனஸ்தான் என்ற கிராமத்தில், இளம்பெண்கள் மட்டுமே சேர்ந்த ஒரு சூஃபி இசைக்குழு இருக்கிறது. பெண்கள் மட்டுமே உள்ள முதல் சூஃபி குழு என்று செய்திகளில் வந்தது. சந்தூர், சிதார், தபலா எல்லாம் அவர்களே வாசிக்கிறார்கள். அந்தக் குழு தொடங்கியது ஒரு வீட்டில். அந்த வீட்டு அப்பா இசை தெரிந்தவர். மகளுக்கு அவரே முதல் பாடம் எடுத்தார். பிறகு மகளின் தோழிகள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள்.