பானெட்டைத் திறந்து காட்டுங்கள்!

கொடைக்கானலில் இருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், பூண்டி என்று மலையைச் சுற்றிச் சுற்றிப் போனால், தமிழ்நாட்டின் எல்லை ஓரத்தில் இருக்கிறது கிளாவரை. அதைத் தாண்டினால் கேரளத்து வட்டவடை. பூண்டும் காரட்டும் உருளைக்கிழங்கும் விளைகிற பூமி. இத்தகைய மலைக்கிராமங்களில் மூட்டை சுமக்க முதலில் இருந்தவை குதிரைகள். பிறகு வந்தது ஜீப்.

அந்தப் பழைய ஜீப்பின் மீது இன்று பட்டணத்தாருக்குப் பெரிய மோகம். எந்த மூலையில் கிடந்தாலும் தேடிப் பிடிக்கிறார்கள். துருவைச் சுரண்டி, பட்டாளத்துப் பச்சை பூசி, புதிய ஸீட் தைத்து, கண்ணாடி போலத் துடைத்து நிறுத்துகிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால் பானெட்டைத் திறந்தால்? பல வண்டிகளில் உள்ளே இருப்பது வேறு என்ஜின்! மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை வேறொருவருக்குக் கட்டி மணையில் உட்கார வைத்த கதைதான்.

முகம் தந்த என்ஜின்

இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகளைச் செய்தது. வில்லிஸ் கம்பெனியின் அந்த என்ஜினுக்கு 4 சிலிண்டர், 2.2 லிட்டர், 60 குதிரைச் சக்தி. இன்றைய சிறிய கார்கள் கூட இதைவிட வேகமாக ஓடும். ஆனால் இந்த என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே பாரத்தை இழுக்கும். மலைக்கு வேண்டியது அந்தக் குணம்தான்.

அடுத்து வந்த என்ஜினில், காற்றை உள்ளே விடும் வால்வு மேலே. புகையை வெளியேற்றும் வால்வு பக்கத்தில். இதனால் என்ஜினின் உயரம் கூடிவிட்டது. அதற்கு இடம் கொடுக்கவே ஜீப்பின் பானெட்டை உயர்த்தினார்கள். மகிந்திரா கம்பெனி நம் நாட்டில் பல ஆண்டுகள் செய்து விற்ற ஜீப்பின் அந்த நிமிர்ந்த முகம் இப்படி வந்ததுதான். முகத்தைக் கொண்டாடுகிறவர்கள், அந்த முகத்தைத் தந்த என்ஜினைக் கழற்றி எறிவது என்ன நியாயம்?

இன்னொன்று. கொடைக்கானல் மலை சுமார் 7 ஆயிரம் அடி. அங்கே காற்று மெல்லியது. பெட்ரோல் என்ஜின் தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும். கார்புரேட்டரில் பெட்ரோல் மிஞ்சி, கரும்புகை வரும். ரேடியேட்டரில் மூடி சரியாக இறுகாவிட்டால், தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். இதையெல்லாம் காதால் கேட்டே சரிசெய்த மெக்கானிக்குகள் உண்டு. பாயிண்ட் இடைவெளி வைப்பதும் வால்வை அரைத்து உட்கார வைப்பதும் அவர்களுக்குக் கைப்பழக்கம். பழைய என்ஜின் போனால் அந்தக் கைத்தொழிலும் அதோடு போகும்.

யாரைக் குறை சொல்வது?

மலையில் இருக்கும் விவசாயியை அல்ல. காய்கறியைச் சந்தைக்குச் சேர்க்க வேண்டியவருக்கு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே கணக்கு. பெட்ரோல் என்ஜினைக் கழற்றி அவர் டீசல் என்ஜின் மாட்டினால் அது பிழைப்பு. ஆனால் பெயிண்டுக்கே லட்சக்கணக்கில் செலவு செய்யும் ரசிகருக்கு அந்தச் சாக்கு இல்லை. அவர் கழற்றிப் போட்ட என்ஜின் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போகிறது.

சட்டம் கூட என்ஜினை மதிக்கிறது. 2021-ம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி நம்பர் கிடைக்கும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். ஆனால் சேசிஸ், பாடி, என்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது.

பழைய கார் அணிவகுப்பு நடத்துகிறவர்களும் இதைப் பின்பற்றலாம். பானெட்டைத் திறந்து வைத்து, என்ஜினை ஓடவிட்டு, அதன் பிறகு பரிசு கொடுக்கட்டும். பாதிப் பேர் அடுத்த ஆண்டே பழைய என்ஜினைத் தேடிப் புறப்படுவார்கள்!

அதுவரை, கழற்றிய என்ஜினை வைத்திருப்பவர்கள் அதை விற்றுவிட வேண்டாம். உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டு, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு கரண்டி என்ஜின் எண்ணெய் விட வேண்டும். மாதம் ஒரு முறை ஹேண்டில் போட்டு நாலு சுற்றுச் சுற்றிவிட்டால் பிஸ்டன் ஒட்டிக்கொள்ளாது.