ஆர்.சி. புக்கில் ஒரு ‘கை’

என் மாமாவின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிக்கு நான்கு சக்கரங்கள். ஆர்.சி. புக்கில் இரண்டு. இந்த இரண்டுக்கும் நான்குக்கும் நடுவில் ஒரு வக்கீல் மூன்று வருஷமாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

மாமாவுக்கு ஊர் வலங்கைமான். நெல் விவசாயம், ஆவூர் பக்கம் கொஞ்சம் நிலம். சர்க்கரை வியாதியில் இடது காலில் மூன்று விரல்கள் போய்விட்டன. வண்டி ஓடும்போது ஒன்றுமில்லை, நிறுத்தினால்தான் சிக்கல். ஊன்றுகிற கால் அது. ஒருமுறை உர மூட்டையோடு வாய்க்காலில் சாய்ந்தார். அதற்கப்புறம் கடைத்தெருவுக்குப் பின்னாலிருக்கும் வெல்டிங் பட்டறைக்காரர் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சின்னதாக ஒவ்வொரு சக்கரம் வைத்துக் கொடுத்தார். நான்கு வருஷம் அந்த வண்டி விதைநெல் சுமந்தது, அத்தையை பஸ் ஸ்டாண்டில் இறக்கியது, மாமாவைக் கல்யாணம் காதுகுத்துக்குக் கூட்டிப் போனது.

மாற்றுத்திறனாளிகள் வண்டியை மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் முதலில் நீங்கள் மாற்றுத்திறனாளி என்று காகிதம் சொல்ல வேண்டும். 40 சதவீதம் என்பது கணக்கு. மாமாவுக்கு அதற்குக் கீழே போட்டுவிட்டார்கள். மூன்று விரல் போனது கால் போனதாகாது. அந்தக் காகிதம் இல்லாமல் அந்த வரிசையில் நிற்கவே விடவில்லை. “இன்னும் ரெண்டு வெரல் போயிருந்தா பாஸாயிருப்பேன்டா மாப்ள” என்றார்.

பிறகு ஒரு நாள் நீடாமங்கலம் ரோட்டில் லாரி ஒன்று உரசியது. லாரி தப்பான பக்கத்தில் வந்தது, பார்த்தவர்கள் இருக்கிறார்கள். மாமாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி லாரியைப் பற்றியல்ல. “உங்கள் வண்டிக்கு எத்தனை சக்கரம்?”

இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதுதான் கம்பெனி என்னை ஆறு மாதம் யோகோஹாமாவுக்கு அனுப்பியது. அங்கே 1992லிருந்து டிசம்பரில் ‘ஹாட் ராட் கஸ்டம் ஷோ’ நடக்கிறது. துறைமுகத்தை ஒட்டிய பசிஃபிகோ அரங்கில், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெக்கானிக்கல் படித்துவிட்டு ஜாவாஸ்க்ரிப்ட் எழுதி வயிறு வளர்ப்பவனுக்கு அது ஒரு குற்றவுணர்ச்சியான சொர்க்கம். கூரையை அறுத்து நாலு விரல்கடை இறக்கிய 1930களின் ஃபோர்டுகள், தரையை நக்குகிற லோ ரைடர்கள், சட்டத்தையே வளைத்து நீட்டிய மோட்டார் சைக்கிள்கள். ஒரு மூலையில் பெரியவர் ஒருவர் அணில்முடித் தூரிகையால் பெட்ரோல் டாங்கில் மயிரிழைக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் நூறு பேர் மூச்சைப் பிடித்து நின்றோம். கோயில் கதவு திறக்கக் காத்திருப்பது மாதிரி.

இது ஜப்பானியர்களின் சொந்தச் சரக்கு இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கலிஃபோர்னியப் பையன்கள் பழைய ஃபோர்டுகளை உரித்து, எஞ்சினை முறுக்கேற்றி ஓட்டியதுதான் ஹாட் ராட். காயலான்கடைக் காரும் கையில் கொஞ்சம் வெல்டிங்கும் இருந்தவன் கண்டுபிடித்தது. யோகோஹாமாவின் ஹொம்மொக்கு பகுதியில் 1982 வரை அமெரிக்க ராணுவக் குடும்பங்களின் குடியிருப்பு இருந்தது. அந்த வேலிக்கு வெளியே நின்று அந்தக் கார்களைப் பார்த்து வளர்ந்த ஊர் அது. கலிஃபோர்னியாவில் டீன் மூன் தொடங்கிய ‘மூன்ஐஸ்’ கடை, 1987இல் அவர் இறந்த பிறகு, சிகே சுகனுமா என்ற ஜப்பானியரின் கையில்தான் பிழைத்தது. இந்தக் கண்காட்சியை நடத்துவதும் அந்தக் கடைதான். கடன் வாங்கிய கலையைக் கடன் கொடுத்தவனே வந்து பார்த்துவிட்டுப் போகும்படி செய்திருக்கிறார்கள்.

எப்படி? நம் ஊரில் இதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு: “ஜப்பான்காரன் ரசனையே வேற சார்.” சுத்தப் பொய். அதே ஜப்பானில்தான் போசோசோகு கும்பல்கள் சைலன்சரை அறுத்துவிட்டு ராத்திரியெல்லாம் ஊரை எழுப்பின. 1982இல் போலீஸ் கணக்கில் மட்டும் 42 ஆயிரத்துக்கு மேல் ஆட்கள். கூட்டமாக அபாயகரமாக ஓட்டுவதையே தனிக் குற்றமாக்க 1978இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. நம்மூர் ஆர்.எக்ஸ். 100 பையன்கள் அவர்களுக்கு முன்னால் பால்குடிக் குழந்தைகள்.

விடை எனக்கு என் டீமில் இருந்த ஒருவரின் கார் டாஷ்போர்டுக்குள் கிடைத்தது. பழைய டொயோட்டா, உருப்படியாக எதையும் அப்படியே விட்டுவைக்காமல் மாற்றியிருந்தார். “போலீஸ் பிடிக்காதா?” என்றேன். பதிவுச் சான்றிதழை எடுத்து நீட்டினார். மாடல் எண்ணுக்குப் பின்னால் கூடுதலாக ஓர் எழுத்து. வண்டியின் அமைப்பை மாற்றி, அதைச் சோதனைக்குக் கொண்டுபோய், பாஸானால் மாடல் எண்ணோடு ஒட்டவைக்கிற எழுத்து. மாற்றப்பட்டது என்று பொருள். உச்சரிப்பு, கிட்டத்தட்ட நம் ‘கை’தான். ஐ.டி. கம்பெனிச் சுவர்களில் ‘கைசென்’ என்று போஸ்டர் ஒட்டிப் பாடம் எடுக்கிறார்களே, அதே கை. போஸ்டரை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு எழுத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டோம்.

அந்த முறையை நான் ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். நீளத்தில் 3 சென்டிமீட்டர், அகலத்தில் 2, உயரத்தில் 4 வரை கூடினாலும் குறைந்தாலும் யாரிடமும் சொல்ல வேண்டாம். அதைத் தாண்டினால் வண்டியைக் கொண்டுபோய்க் காட்டு. எவ்வளவு இறக்கினாலும் வண்டியின் அடிப்பாகம் தரையிலிருந்து 9 சென்டிமீட்டர் மேலே இருக்கணும். புதுக் காருக்கு மூன்று வருஷத்தில் முதல் சோதனை, அப்புறம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. இதுவும் வானத்திலிருந்து விழவில்லை. 1995க்கு முன்பு சின்னச் சின்ன மாற்றத்துக்கும் அங்கே அலைய வேண்டியிருந்தது, அந்த வருஷம்தான் தளர்த்தினார்கள். கும்பலைத் தண்டிக்க ஒரு சட்டம், கைவினைக்கு ஒரு வாசல். இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை.

இப்போது நம் கதைக்கு வருவோம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு. தயாரித்த கம்பெனி சொன்னதற்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் மாறாக உரிமையாளர் எதையும் மாற்றக்கூடாது. கேரள உயர் நீதிமன்றம் இதில் கொஞ்சம் இளகிப் பார்த்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, கம்பெனியின் மூல வடிவத்திலிருந்து மாறக் கூடாது என்று முடித்துவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்றது. சி.என்.ஜி. மாட்டலாம், மின்சாரத்துக்கு மாறலாம், மாற்றுத்திறனாளிக்கு மாற்றலாம். எல்லாம் முன்கூட்டியே பெயர் சொல்லித் திறந்த சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒரு பட்டறைக்காரர் யோசித்துச் செய்த புதிய ஒன்றை எடுத்துக்கொண்டு போய், “ஐயா, இதைச் சோதிச்சுப் பாருங்க” என்று கேட்க எளிய வாசல் எங்கே?

அதைவிட வேடிக்கை இன்னொன்று. சொந்த உபயோக வண்டிக்கு நம்மூரில் பதிவு 15 வருஷம். அந்த 15 வருஷத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஒருமுறை கூட அதைப் பார்க்க வேண்டியதில்லை. டயர் மொட்டையாகலாம், பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு இரும்போடு கத்தலாம், அது சட்டத்துக்குத் தெரியாது. மாமா இரண்டு சக்கரம் கூட்டினால் மட்டும் கண் திறந்துகொள்ளும், அதுவும் விபத்துக்கு அப்புறம். அங்கே அடிக்கடி பார்க்கிறார்கள், அதனால் மாற்ற விடுகிறார்கள். இங்கே பார்ப்பதே இல்லை, அதனால் மாற்றக்கூடாது. இதைப் பாதுகாப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வேலை செய்யச் சோம்பல்பட்டவன் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்ட கதை இது.

“ஆபத்தான வேலையை அரசாங்கம் எப்படி அனுமதிக்கும்?” என்று கேட்பவர்களை வலங்கைமானுக்கே அழைக்கிறேன். எங்கள் ஊருக்கு இரண்டு அடையாளம். பங்குனியில் பாடைக் காவடி: உயிரோடு இருப்பவர்கள் வேண்டுதலுக்காகப் பாடையில் படுத்து மாரியம்மன் கோயிலைச் சுற்றி வருவார்கள். இன்னொன்று வாணவெடி. தலைமுறை தலைமுறையாகக் குடிசைத் தொழிலாக வெடிமருந்து இடிக்கிற ஊர். விபத்து நடக்காமலில்லை, நடந்திருக்கிறது, ஆள் போயிருக்கிறது. ஆனாலும் அரசாங்கம் இனிமேல் யாரும் வெடியே செய்யாதே என்று சொல்லவில்லை. லைசென்ஸ் வைத்தது. எவ்வளவு மருந்து வைக்கலாம், கொட்டகைக்கும் கொட்டகைக்கும் எவ்வளவு தூரம், எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. மீறுகிறார்களா என்பது வேறு பேச்சு. கந்தகத்தை நம்பி ஒருவன் கையில் கொடுக்க வழி கண்டுபிடித்த அரசாங்கத்துக்கு, ஒரு சின்னச் சக்கரத்தை அளந்து பார்க்க வழி தெரியாதா?

விபத்துக் கணக்கைக் காட்டுவார்கள். 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதே அரசு அறிக்கை, இறப்புகளில் எழுபது சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தால் என்கிறது. ஷோரூமிலிருந்து வந்தபடியே, ஒரு போல்ட்டும் மாறாமல் பறக்கிற வண்டிக்கு அதில் விலக்கு கிடையாது.

ஆனால் என் கோபம் சட்டத்தின் மேல் பாதிதான். மீதி நம்மைப் போன்றவர்கள் மேல். யோகோஹாமாவில் எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டேன். “வாவ், கலைடா”, “வேற லெவல் கிராஃப்ட்ஸ்மேன்ஷிப்” என்று குவிந்தது. அதே ஆட்கள் சென்னையில் மீன்பாடி வண்டி குறுக்கே வந்தால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், காருக்குள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். பழைய ஸ்கூட்டர் எஞ்சினை மூன்று சக்கர சைக்கிளில் ஏற்றி அரை டன் இழுக்க வைத்தவன் அவர்களுக்குத் தொல்லை. கொஞ்சம் இரக்கம் வந்தால் ‘ஜுகாட்’. நிர்வாகக் குருமார்கள் புத்தகம் எழுதிப் புகழ்கிற சொல்தான். எனக்கு அதைக் கேட்டாலே எரிகிறது. அது தலையில் தட்டிக்கொடுக்கிற சொல். ஜுகாட் என்று சொல்லிவிட்டால் அவனுக்கு அளவு கொடுக்க வேண்டாம், பயிற்சி கொடுக்க வேண்டாம், அவன் பெயரில் ஒரு எழுத்தும் பதிய வேண்டாம். ஹாட் ராடும் 1940களில் ஜுகாட்தான்.

உண்மையை மறைக்கப் போவதில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைப் படித்தால் படிக்கட்டும். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்த அந்த வண்டியை டேப் வைத்து அளந்தேன். வெல்டிங் அருமை, ஒரு இடத்தில் ஓட்டையில்லை, முட்டுக்கொடுத்த தகடுகூட யோசித்து வைத்தது. ஆனால் இரண்டு சக்கரம் மட்டும் உள்ள வண்டி வளைவில் சாயும், இது சாயாது. பக்கச் சக்கரங்கள் ரொம்ப உள்ளே தள்ளியிருக்கின்றன. கூர்மையான வளைவில் 25 கிலோமீட்டரைத் தாண்டினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும். மாமா அதுவரை தப்பித்தது மெதுவாக ஓட்டியதால். அன்றைக்கு லாரி உரசியபோது இந்தக் குறை உதவியிருக்காது. கொஞ்சம் தள்ளி வைத்திருந்தால் வண்டி புரளாமல் நின்றிருக்குமோ என்னவோ, அந்தக் கணக்கு எனக்கு முடியவில்லை.

பட்டறைக்குப் போனேன். வழக்கு வந்ததிலிருந்து அவர் வண்டி வேலையை விட்டுவிட்டார். கேட், கிரில், மாட்டுக்கொட்டகைக்கு ஷீட்டு, அவ்வளவுதான். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“இத யாராச்சும் அன்னைக்கே அளந்து பாத்து சொல்லியிருக்கலாம்ல தம்பி?” என்றார். “இன்னும் அரையடி தள்ளி வச்சிருப்பேனே.”