ஊர் கூடிக் கேட்கட்டும்

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே தமிழகத்தின் ஏதாவது ஒரு கிராமத்து முகப்பில் அந்த ஃபிளெக்ஸ் பேனர் தொங்கத் தொடங்கிவிடுகிறது. சாலை இல்லை, குடிநீர் இல்லை, சுடுகாட்டுக்குப் பாதை இல்லை, ஆகவே வரும் தேர்தலை ஒட்டுமொத்தமாகப் புறக்கணிக்கிறோம், இப்படிக்கு ஊர் பொதுமக்கள். வீட்டு வாசல்களில் கருப்புக் கொடி ஏறுகிறது. சில ஊர்களில் குடும்ப அட்டைகளை ஒப்படைக்கும் போராட்டமும் நடக்கிறது. வட்டாட்சியரும் காவல் ஆய்வாளரும் பேச்சுவார்த்தைக்கு வருகிறார்கள். தேர்தல் முடிந்ததும் நடவடிக்கை எடுக்கப்படும் என்ற வாக்குறுதியோடு பேனர் இறங்குகிறது, அல்லது இறங்காமலேயே வாக்குப்பதிவு நாள் கடந்துபோகிறது. இந்த ஊர்களின் கோரிக்கைகள் பெரும்பாலும் முழுக்க நியாயமானவை. ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்துச் சலித்த பிறகுதான் மக்கள் பேனர் கட்டுகிறார்கள். ஆனாலும் புறக்கணிப்பு அவர்களுக்குக் கைகொடுக்காத ஆயுதம். தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே ஊர் கூட வேண்டும், கோரிக்கையை எழுத்தில் முடிவு செய்ய வேண்டும், எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே மேடையில் பதில் வாங்க வேண்டும், ஒருவர் விடாமல் வாக்களிக்க வேண்டும், வென்றவரை ஐந்தாண்டும் தொடர வேண்டும். மக்களுக்குப் பலன் தரும் பாதை இதுதான் என்பது நம் உறுதியான கருத்து.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். ஒரு தொகுதியில் குறைந்தபட்சம் இத்தனை பேர் வாக்களித்தால்தான் தேர்தல் செல்லும் என்று எந்த விதியும் இல்லை. 2017-இல் ஸ்ரீநகர் மக்களவை இடைத்தேர்தலில், வன்முறைக்கும் புறக்கணிப்புக்கும் நடுவே, சுமார் 7 சதவீத வாக்குகளே பதிவாயின. வென்றவர் நாடாளுமன்றத்துக்குச் சென்றார். உச்ச நீதிமன்றத்தின் 2013 தீர்ப்பால் கிடைத்த நோட்டாவும், சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் முடிவை மாற்றுவதில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்று உண்டு. பேனர் பெரும்பாலும் கட்டப்படுவது தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்த பிறகு. அந்த நாளிலிருந்து அரசு புதிய திட்டம் எதையும் அறிவிக்க முடியாது. பேச்சுவார்த்தைக்கு வரும் அதிகாரிக்கு ஒரு தெருவிளக்கைக்கூடப் புதிதாகத் தருவதாக உறுதியளிக்க அதிகாரமில்லை. கொடுக்க எதுவும் இல்லாதவரிடம், கொடுக்க முடியாத நேரத்தில் கேட்டுவிட்டு, ஏமாற்றப்பட்டோம் என்ற கசப்போடு ஊர் திரும்புகிறது.

அடுத்தது கணக்கு. ஒவ்வொரு தேர்தலுக்குப் பிறகும் வாக்குச்சாவடி வாரியாக யாருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்ற பட்டியல் வெளியாகிறது. கட்சிகளின் பூத் பொறுப்பாளர்கள் அதை வரி வரியாகப் படிக்கிறார்கள். புறக்கணித்த ஊரின் வரியில் பூஜ்ஜியமோ ஒற்றை இலக்கமோ இருக்கும். வென்றவர் அந்த ஊருக்குக் கடன்பட்டவர் இல்லை, தோற்றவரும் அந்த ஊரால் தோற்கவில்லை. முழுமையாக வாக்களித்த ஊருக்கு இருக்கும் எடையோ வேறு. 2016-இல் ராதாபுரம் தொகுதியின் முடிவை 49 வாக்குகள் தீர்மானித்தன. 2021-இல் தியாகராய நகரில் வித்தியாசம் 137, மொடக்குறிச்சியில் 281. ஒரே ஒரு வாக்குச்சாவடி நினைத்திருந்தால் சட்டமன்ற உறுப்பினர் மாறியிருப்பார். இவ்வளவு எடையுள்ள ஒன்றைத் தன் கையாலேயே பூஜ்ஜியமாக்கிக்கொள்வது எந்த ஊருக்கும் நல்லதல்ல.

கோபத்தைக் காட்டத் தமிழகம் வேறு வழிகளையும் முயன்று பார்த்திருக்கிறது. 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகளின் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்ற ஆத்திரத்தில் நூற்றுக்கணக்கானோர் மனு தாக்கல் செய்ததன் விளைவு அது. வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியிருந்தது, தேர்தல் தள்ளிப்போனது, நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால் 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. அதே ஆண்டு மக்களவைத் தேர்தலில், ஃபுளோரைடு கலந்த நீரால் எலும்பு வளைந்துபோன, அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டா மாவட்டத்தின் துயரைச் சொல்ல 480 பேர் களமிறங்கினார்கள். இவ்விரண்டு போராட்டங்களுக்கும் அரசு கொடுத்த உடனடிப் பதில் ஒரு சட்டத் திருத்தம். சட்டமன்றத் தேர்தலுக்கான வைப்புத்தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாகவும், மக்களவைக்கு 500 ரூபாயிலிருந்து 10,000 ரூபாயாகவும் உயர்ந்தது. சுயேச்சை வேட்பாளருக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது. கவனத்தை ஈர்ப்பதும் காரியத்தைச் சாதிப்பதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இதே உத்தியை 2019-இல் நிஜாமாபாத் மஞ்சள் விவசாயிகள் கையிலெடுத்தபோது விளைவு வேறுவிதமாக அமைந்தது. மஞ்சளுக்குத் தனி வாரியம் வேண்டும் என்று அங்கே 178 விவசாயிகள் போட்டியிட்டார்கள், மொத்த வேட்பாளர்கள் 185 பேர். அப்போதைய முதல்வரின் மகளும் தொகுதியின் உறுப்பினருமான கவிதா தோற்றார். வென்ற பாஜக வேட்பாளர் தர்மபுரி அரவிந்த், வாரியம் கொண்டுவருவேன், இல்லையேல் பதவி விலகுவேன் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். வாரியத்துக்குப் பதில் நறுமணப் பொருள் வாரியத்தின் மண்டல அலுவலகம் வந்தபோது விவசாயிகள் அதை ஏற்கவில்லை. எழுதிக் கொடுத்த தாளை ஆண்டுக்கணக்கில் நினைவூட்டிக்கொண்டே இருந்தார்கள். தெலங்கானா சட்டமன்றத் தேர்தல் நெருங்கிய 2023 அக்டோபரில் பிரதமர் வாரியத்தை அறிவித்தார். 2025 ஜனவரி 14 அன்று நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அது தொடங்கப்பட்டது. மொடக்குறிச்சிக்கும் நிஜாமாபாத்துக்கும் உள்ள வேறுபாடு நமக்கு ஒரு பாடம். ஒரே ஒரு தெளிவான கோரிக்கை, எழுத்தில் ஒரு வாக்குறுதி, வாக்கு எண்ணிக்கையோடு கலைந்துவிடாத அமைப்பு. இவை மூன்றும் சேர்ந்திருந்ததால்தான் ஐந்தாண்டுக்கு மேல் இழுத்தடிக்கப்பட்ட பிறகும் கோரிக்கை உயிரோடு இருந்தது.

நம் கண்ணெதிரே நடந்தது அரிட்டாபட்டி. மேலூர் வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிவானது 2024 நவம்பரில் வெளிவந்தது. அந்த மாதம் 23-ஆம் தேதி நடந்த கிராம சபைகளில் ஊர்கள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமே தீர்மானம் நிறைவேற்றியது. ஜனவரி 7 அன்று விவசாயிகள் மதுரையை நோக்கித் திரண்டார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மூன்று மாதங்களுக்குள் எல்லாம் முடிந்தது. சட்டமன்றத் தேர்தல் ஓராண்டுக்கு அப்பால் இருந்தபோதே ஊர்கள் ஒன்றுபட்டுவிட்டதால், ஆளும்கட்சி, எதிர்க்கட்சி என்று எவரும் ஒதுங்கி நிற்க முடியவில்லை. வாக்குரிமையைக் கையில் வைத்துக்கொண்டே அதன் வலிமையைக் காட்டிய போராட்டம் அது.

இதை மற்ற ஊர்களும் செய்ய முடியும். தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கோடையில் தேர்தல் வரும் ஆண்டுகளில் மார்ச் 22, மே 1 கூட்டங்கள் நடத்தை விதிகளில் சிக்கிவிடும். ஆகவே நவம்பர் 1, ஜனவரி 26 கூட்டங்களே கடைசி வாய்ப்பு. மூவாயிரம் பேர் வரை வாழும் ஊராட்சிக்குக் குறைவெண் வரம்பு அதிகபட்சம் 100 பேர்தான். அத்தனை பேர் கூடி, எந்தச் சாலை, எத்தனை மீட்டர், எந்தத் துறையின் பொறுப்பு என்று குறிப்பிட்டுத் தீர்மானம் போட்டால், அது வெறும் மனுவாக இல்லாமல் அரசு ஆவணமாகிறது. அந்தத் தீர்மானமே பின்னர் வேட்பாளர்கள் முன் வைக்கப்படும் கோரிக்கைப் பட்டியலாகட்டும். அதற்கும் முன்னதாக, வாக்காளர் பட்டியலைத் தெருத்தெருவாகச் சரிபார்க்கும் வேலை இருக்கிறது. இறந்தவர், ஊர் மாறியவர், பதினெட்டு நிறைந்தும் பெயர் சேராதவர் யார் யார் என்பது அரசு அலுவலகத்தைவிட அந்தத் தெருவுக்கே நன்றாகத் தெரியும். படிவம் 6-ஐ நிரப்பிக் கொடுக்கப் பத்து இளைஞர்கள் போதும். பட்டியலில் பெயர் இல்லாத ஊருக்குப் பேரம் பேசும் வலிமையும் இல்லை.

பேனர் கட்டினால்தான் அதிகாரிகளே எட்டிப் பார்க்கிறார்கள், அதையும் பறிப்பதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பரந்தூர் விமான நிலையத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்கள் கிராம சபைத் தீர்மானங்கள் பல போட்டும் பலன் காணாமல்தான் 2024 மக்களவைத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். அவர்களின் உறுதியை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அந்தப் புறக்கணிப்புக்குப் பிறகும் நில எடுப்பு நிற்கவில்லை என்பதையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். தீர்மானமும் தோற்கலாம், புறக்கணிப்பும் தோற்கலாம். தோற்ற பிறகு தீர்மானம் நீதிமன்றத்தில் ஆவணமாக நிற்கும், அடுத்த வேட்பாளரிடம் கேள்வியாகவும் நிற்கும். போடாத வாக்கு எங்கும் நிற்பதில்லை. அதிகாரிகள் வந்து பார்க்க வேண்டும் என்பதே நோக்கம் என்றால், நடத்தை விதிகள் வருவதற்கு நான்கு மாதம் முன்பு அதே ஊர் அதே ஒற்றுமையோடு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகட்டும். அப்போது மதிப்பீடு தயாரிக்கவும் நிதி ஒதுக்கவும் அவகாசம் இருக்கும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. ஊர் என்பது யார்? ஊராட்சிப் பதவிகள் ஏலம் விடப்படும் கிராமங்கள் இன்னும் இருக்கின்றன. பாப்பாபட்டி, கீரிப்பட்டி போன்ற தனி ஊராட்சிகளில் 1996 முதல் 2006 வரை தேர்தலையே நடத்த முடியாதபடி ஆதிக்கச் சாதியினர் முடக்கியதை மறந்துவிட முடியாது. ஊர் கூடி எடுக்கும் முடிவு, காலனித் தெருவின் வாயை அடைக்கும் முடிவாகிவிடும் ஆபத்து உண்மையானது. ஆனால் அந்த ஆபத்து புறக்கணிப்பில்தான் மிக அதிகம். நாலு பெரியவர்கள் கோயில் திடலில் எடுக்கும் முடிவுக்காக, எல்லோரும் தங்கள் ரகசிய வாக்கையே விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. மீறிப் போகிறவரை ஊர் பார்த்துக்கொண்டிருக்கும். விருப்பமுள்ளவரை வாக்களிக்க விடாமல் தடுப்பது சட்டப்படி குற்றமும்கூட. கோரிக்கைப் பட்டியலில் அப்படியில்லை. அதில் எல்லாருக்கும் இடம் உண்டு, வாக்கு அவரவருடையது. பட்டியல் முதலில் காலனியிலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும் தனித்தனியே தயாராகிப் பிறகு பொதுவில் சேரட்டும். சுடுகாட்டுப் பாதையும் கழிப்பறையும் அப்போதுதான் முதல் வரிசைக்கு வரும்.

ஓட்டுக்குப் பணம் புழங்கும் நாட்டில் பட்டியலுக்கு என்ன மதிப்பு என்பார்கள். அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் 2016-லும், ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் 2017-லும், வேலூர் மக்களவைத் தேர்தல் 2019-லும் பணப் பட்டுவாடா புகாரால் ரத்தானதை நாடு பார்த்தது. ஆனால் பணம் வீடு வீடாக, தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கப்படுகிறது. எதிர்பார்க்க வேறு எதுவும் இல்லாத தெருவில்தான் அது எளிதாகச் செல்லுபடியாகிறது. பொதுவாகக் கேட்கும் பழக்கம் ஒரே தேர்தலில் அதை ஒழித்துவிடாது. ஆனால் வாங்கியதோடு கணக்கு முடிந்தது என்று வேட்பாளர் நிம்மதியாகப் போய்விட முடியாத நிலையை அது உருவாக்கும்.

மக்களிடம் இதைச் சொல்லும் உரிமை அரசுக்கு வேண்டுமென்றால், அதுவும் தன் கடமையைச் செய்ய வேண்டும். 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போனது. 2016-இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது என்ற பழைய அனுபவமும் இருக்கிறது. கேள்வி கேட்க ஊராட்சித் தலைவர்கூட இல்லாத ஊரைப் பேனரை நோக்கித் தள்ளுவது அரசேதான். உள்ளாட்சித் தேர்தல்கள் உரிய காலத்தில் நடக்க வேண்டும். கிராம சபைத் தீர்மானங்களுக்குக் குறித்த காலத்துக்குள் எழுத்தில் பதில் தரும் கடப்பாட்டை அரசு ஏற்க வேண்டும். வேட்பாளர்கள் ஊர் மேடைக்கு வந்து பதில் சொல்வதைக் கட்சிகள் கட்டாயமாக்க வேண்டும். ஊர்களோ இவற்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிராம சபையில் நூறு பேர் அமர்ந்து கோரிக்கையை எழுதத் தொடங்கினால், வாக்குக் கேட்டு வருகிறவர்கள் பதிலோடு வரவேண்டிய கட்டாயம் அன்றே பிறந்துவிடும்.