உப்பில்லாப் பொடி

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் இதே தமிழ்நாட்டில், கும்பகோணத்தை அடுத்த திருநாகேசுவரத்தில், பெருமாளுக்கு உப்பின்றியே தளிகை சமைக்கிறார்கள். ஒப்பிலியப்பன் என்ற திருப்பெயர்தான் உப்பிலியப்பன் என்று திரிந்தது என்பார்கள். பெயர் முதலில் திரிந்ததா, உப்பு முதலில் விலகியதா என்ற ஆராய்ச்சியை வேறொரு நாள் வைத்துக்கொள்வோம்.

மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னதும் நம்மில் பலர் பெருங்கடைகளுக்கு ஓடி, மேனாட்டு மூலிகைகள் அடைத்த உப்பில்லா மசாலாப் புட்டியைத் தேடுகிறோம். இது வீண் செலவு என்பதே நம் கருத்து. பாட்டிமார் திரித்த குழம்புப்பொடியில் உப்பு ஏது? மிளகாய் வறுக்கையில் நெடி கமறாதிருக்க ஒரு சிட்டிகைக் கல்லுப்பு போடுவார்கள். அதையும் தவிர்த்துச் சற்று இருமிக்கொள்ளலாம். உப்பு, குழம்பு கொதிக்கும்போது கையறிந்து இடுவது. இட்லிப்பொடி ஒரு விதிவிலக்கு.

இந்தப் பிரிவினையைக் குலைத்தவை உறைகளில் வரும் மசாலாக்கள். கோழி மசாலா, மீன் வறுவல் மசாலா உறைகளின் பின்புறத்துச் சிற்றெழுத்துகளைப் படியுங்கள். பலவற்றில் உப்பும் ஒரு சேர்பொருள். அதன்மேல் நாமும் ஒரு கை அள்ளிப் போடுகிறோம். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், உப்பை நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் திருவள்ளூர் மாவட்டத்து அயப்பாக்கத்தில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், உப்புக் குறைப்புக்கான ஆய்வொன்றை 2025இல் பஞ்சாபிலும் தெலங்கானாவிலும் தொடங்கியது. அயப்பாக்கத்து அடுக்களைகளுக்கும் அது பொருந்தாமலா போகும்?

கொத்தமல்லி விதை 250 கிராம், மிளகாய் வற்றல் 100, துவரம்பருப்பு 50, மிளகும் சீரகமும் தலைக்கு 25, வெந்தயம் 10, ஒரு துண்டு விரலி மஞ்சள், கைப்பிடி கறிவேப்பிலை. வெயிலில் காயவைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வறுக்கவேண்டும். வெந்தயம் கருகினால் அத்தனையும் கசக்கும். மாவு மில்லிலிருந்து வந்த பொடியைச் சூடு ஆறும்வரை தாளில் பரப்பிவைத்த பிறகே புட்டியில் அடைக்கலாம். குழம்பை இறக்கும்போது எலுமிச்சை பிழிந்தால், குறைந்த உப்பும் நாவுக்கு நிறைவாகவே தோன்றும். ஆனால் பழவேற்காட்டுக் கருவாட்டை வறுத்துவைத்துக்கொண்டு உப்பில்லாப் பொடியின் பெருமையைப் பேசுவதில் பயனில்லை.

இவையெல்லாம் வெயிலும் மொட்டைமாடியும் ஓய்வும் உள்ளவர்களுக்குச் சரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவுப்பணி முடித்து, நால்வர் ஐவராக ஓர் அறையில் தங்கிச் சமைக்கும் வடமாநிலத் தொழிலாளர் கொத்தமல்லி வறுத்துக்கொண்டிருக்க முடியுமா? பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கும் சிற்றுறையே அவர்களுக்கு அகப்படுகிறது. உருக்காலைச் சூட்டில் வியர்ப்பவர் எவ்வளவு உப்பு உண்ணலாம் என்பதை மருத்துவரே சொல்லவேண்டும். நாம் சொல்லத் துணியமாட்டோம். ஆனால் உண்பது எவ்வளவு என்பதை அறிந்து இடும் வசதி அவர்களுக்கும் வேண்டும். அப்பகுதி மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இப்பொடியைத் திரித்து, சிற்றுறைகளில் அடைத்து, ஆலை வாயில்களில் விற்கலாம். உறையின் முகப்பிலேயே, பெரிய எழுத்தில், தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிடட்டும்: உப்பு சேர்க்காதது.