23 கிராம்

ஒவ்வோர் ஆண்டும் தீபாவளியை ஒட்டித் தில்லியின் வானம் சாம்பல் நிறமாக மாறும்போது ஓர் எச்சரிக்கையும் தவறாமல் வந்துவிடுகிறது. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் வீட்டை விட்டு வெளியே வராமல் இருப்பது நல்லது என்பது அதன் சாரம். அக்கறையோடு சொல்லப்படும் ஆலோசனைதான். ஆனால் அதைக் கேட்டு நடக்க யாரால் முடியும் என்று யோசித்தால் சங்கடமாக இருக்கிறது. கட்டட வேலையில் செங்கல் சுமக்கும் பெண்ணுக்கு வீட்டுக்குள் இருப்பது என்றால் அன்றைய கூலி போயிற்று என்று பொருள். பீகார் கிராமத்தில் விறகடுப்பின் முன் குந்தியிருக்கும் பெண்ணுக்கோ புகையே வீட்டுக்குள்தான்.

தாய் சுவாசிக்கும் புகை வயிற்றுக் குழந்தையை எப்படி எட்டுகிறது? டாக்டர்கள் பி.எம். 2.5 என்று குறிப்பிடும் துகள், தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாதது. அது நுரையீரலின் கடைசிக் கிளை வரை போகிறது. அங்கே அழற்சி உண்டாகிறது. ரத்தக் குழாய்கள் பாதிக்கப்படுகின்றன. குழந்தைக்கு உணவும் பிராண வாயுவும் கொண்டுபோகும் நஞ்சுக்கொடியின் ரத்த ஓட்டம் குறையக்கூடும். விறகுப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு இன்னொரு வழியில் வேலை செய்கிறது. பிராண வாயு ஏற வேண்டிய இடத்தில் ரத்தத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இந்த நுண்துகள் தாயின் நுரையீரலோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் 2019இல் போயிற்று. பெல்ஜியத்தின் ஹாசல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நஞ்சுக்கொடியில் குழந்தையின் பக்கத்திலேயே கரித்துகளைக் கண்டார்கள். 2022இல் அவர்களும் ஸ்காட்லாந்தின் அபர்டீன் ஆய்வாளர்களும் சேர்ந்து, கருவின் ஈரல், நுரையீரல், மூளை ஆகியவற்றிலும் அதைக் கண்டதாக அறிவித்தார்கள். நஞ்சுக்கொடி என்ற நம் சொல்லில் நஞ்சு பெயரளவில்தான் இருந்தது. இப்போது பெயரோடு நிற்கவில்லை.

துகள் போய்ச் சேருகிறது, சரி. குழந்தையின் வளர்ச்சி அதனால் குறைகிறதா என்பது வேறு கேள்வி. கர்ப்பிணிகளை வேண்டுமென்றே புகையில் நிறுத்திச் சோதித்துப் பார்க்க முடியாது. எனவே காற்று தற்செயலாகவோ திட்டமிட்டோ சுத்தமான இடங்களைத்தான் ஆய்வாளர்கள் தேடிப் போகிறார்கள். அப்படிப்பட்ட இரண்டு இடங்களில் ஒரே எண் கிடைத்தது. 23 கிராம்.

முதல் இடம் பெய்ஜிங். 2008 ஒலிம்பிக் போட்டிக்காகச் சீன அரசு ஆலைகளை மூடியது, கட்டட வேலைகளை நிறுத்தியது, ஒற்றைப்படை இரட்டைப்படை எண் பார்த்துக் கார்களைச் சாலையில் விட்டது. விளையாட வந்தவர்களுக்கும் பார்க்க வந்தவர்களுக்கும் செய்த ஏற்பாடு அது. அந்த நகரத்துக் கர்ப்பிணிகளை யாரும் நினைக்கவில்லை. ஆனால் பலன் அவர்களுக்கும் கிடைத்தது. 83,672 பிரசவங்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. எட்டாவது மாதம் ஒலிம்பிக் நாட்களில் அமைந்த குழந்தைகள், 2007இலும் 2009இலும் அதே காலத்தில் எட்டாம் மாதத்தில் இருந்த குழந்தைகளைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையோடு பிறந்திருந்தார்கள். மற்ற மாதங்களுக்கு அப்படித் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. கடைசி மாதங்களில்தான் குழந்தை வேகமாக எடை போடுகிறது என்பதை வைத்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது இடம் நமக்குப் பக்கத்தில். இந்தியா, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய 4 நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டக் கிராமங்களில் நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழு அதை நடத்தியது. குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குக் காஸ் அடுப்பும் சிலிண்டரும் இலவசமாக வீட்டுக்கே வந்தன. மீதிப் பேர் விறகிலேயே சமைத்தார்கள். விறகுக்காரர்கள் சுவாசித்த காற்றில் ஒரு கன மீட்டருக்கு 70.7 மைக்ரோகிராம் நுண்துகள். காஸுக்கு மாறியவர்களுக்கு 23.9. மூன்றில் ஒரு பங்கு!

2022 இறுதியில் முடிவு வெளியானது. காஸ் வீட்டுக் குழந்தைகளின் சராசரி எடை 2,921 கிராம். விறகு வீட்டுக் குழந்தைகளுடையது 2,898. வித்தியாசம் அதே 23. மற்ற அம்சங்களைச் சரிக்கட்டிக் கணக்கிட்டபோது 20க்குச் சற்றுக் குறைவு. புள்ளியியல்படி இதைத் தற்செயல் அல்ல என்று அடித்துச் சொல்ல முடியாது என்பது ஆய்வாளர்களின் நேர்மையான முடிவு. உண்மையான வித்தியாசம் 2 கிராம் குறைவு முதல் 42 கிராம் கூடுதல் வரை எதுவாகவும் இருக்கலாம். பெய்ஜிங்கில் பார்த்தது 83 ஆயிரம் பிரசவம், இங்கே 3 ஆயிரம். சின்ன வித்தியாசத்தைப் பிடிக்கப் பெரிய வலை வேண்டும்.

"புகையைக் குறைத்தும் பலனில்லை" என்று சிலர் இதைப் படித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதே சென்னைக் குழு 2018இல் தமிழ்நாட்டில் 1,285 கர்ப்பிணிகளிடம் செய்த ஆய்வை வெளியிட்டிருந்தது. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் எடை 4 கிராம் குறைகிறது என்றது அது. 70.7க்கும் 23.9க்கும் இடைவெளி சுமார் 47. பத்துக்கு 4 என்று பெருக்கினால் ஏறத்தாழ 19 கிராம் வரும். அளந்த முறைகள் ஒன்றல்ல. ஆனாலும் பரிசோதனை காட்டிய எண்ணுக்கு இது எவ்வளவு அருகில் இருக்கிறது!

சரி, 23 கிராம் என்பது என்ன? நாலைந்து பாதாம் பருப்பு சேர்ந்தால் அதில் கால் பங்கு வரும். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கும் பாட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. எந்த ஒரு தாயும் தன் குழந்தையின் எடையைப் பார்த்து, நான் சுவாசித்த காற்றால் வந்த குறை இது என்று வருந்த வேண்டியதும் இல்லை. ஆனால் சராசரியை ஒரு குழந்தையாக நினைத்துப் பார்க்கக் கூடாது. இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை என்று கணக்கு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, எடை பதிவான குழந்தைகளில் 18 சதவிகிதம் அந்தக் கோட்டுக்குக் கீழே. அந்தக் கோட்டை ஒட்டியே ஏராளமான குழந்தைகள் பிறக்கிறார்கள். எல்லோருக்கும் 23 கிராம் கூடினால், தோராயக் கணக்கில், நூற்றுக்கு ஒரு குழந்தை கோட்டைத் தாண்டி வந்துவிடும். ஆண்டுக்கு 2 கோடிக்கும் மேல் பிறக்கும் நாட்டில் நூற்றுக்கு ஒன்று என்பது லட்சக்கணக்கில் போகிறது. எடை குறைந்து பிறந்தவர்களுக்கு நடுவயதில் இதய நோய் அதிகம் என்று இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் காட்டிய பிறகு, இது பிரசவ அறையோடு முடிகிற விஷயமும் அல்ல.

காற்று ஒன்றுதான் காரணம் என்றும் சொல்லிவிடக் கூடாது. அதே குடும்பநல ஆய்வில் கர்ப்பிணிகளில் 52 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. தாயின் சாப்பாடு, உயரம், வயது, எத்தனை மாதம் வரை மூட்டை சுமந்தாள் என்பது எல்லாம் அந்தத் தராசில் ஏறுகின்றன. புகையைக் காட்டிச் சோற்றை மறக்கவைப்பது பெரிய மோசடி. ஆனால் சத்துமாவு கொடுத்தாயிற்று, புகை அவள் பாடு என்று விடுவதும் நியாயமல்ல.

விறகடுப்புப் பரிசோதனையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. அந்தப் பெண்கள் சேர்க்கப்பட்டபோது கர்ப்பத்தின் 9 முதல் 20 வாரத்துக்குள் இருந்தார்கள். நஞ்சுக்கொடி உருவாகும் முதல் வாரங்கள் புகையிலேயே கழிந்துவிட்டன. அடுப்பு மாறிய வீட்டைச் சுற்றிலும் மற்ற வீடுகளில் விறகு எரிந்துகொண்டிருந்தது. வயிறு தெரிந்த பிறகு, ஒரு வீட்டில் மட்டும், என்று தொடங்கினால் கிடைக்கும் பலனும் அரைகுறையாகத்தான் இருக்கும்.

2016 மே மாதம் உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. 10 கோடிக்கும் அதிகமான இணைப்புகள் போய்ச் சேர்ந்தது பெரிய சாதனை. ஆனால் 2022-23இல் ஓர் உஜ்வலா குடும்பம் சராசரியாக எடுத்தது 4 சிலிண்டருக்கும் குறைவு. அடுப்பு வந்தது, அதை எரிக்கப் பணம் வரவில்லை. பரிசோதனையில் சிலிண்டர் இலவசம் என்பதை இங்கே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் நிற்காமல் மின்னணு முறையில் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். நியூ ஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் சாவடிக்கு 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மாருக்குக் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தைகளும் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்தன என்று 2011இல் ஓர் ஆய்வு சொன்னது. அங்கேயும் கர்ப்பிணிகளிடம் யாரும் எதையும் தவிர்க்கச் சொல்லவில்லை. வண்டிகள் நின்று புகை கக்குவது குறைந்தது, அவ்வளவுதான்.

பெய்ஜிங்கிலும் நியூ ஜெர்சியிலும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்காதவள் கர்ப்பிணி மட்டுமே. ஆலை மாறியது, கார் மாறியது, சாவடி மாறியது. இங்கே எதுவும் மாறுவதில்லை. அவளை வீட்டுக்குள் போகச் சொல்கிறோம். 2009இல் நாம் வகுத்துக்கொண்ட தரத்தின்படி நுண்துகளின் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதை 5 என்று சொல்லிவிட்டது. ஐந்தை எட்டுவது கனவாகவே இருக்கட்டும். நாற்பதையாவது நவம்பரில் மட்டுமல்லாமல் வருஷம் முழுக்க எல்லா ஊர்களிலும் காப்பாற்றலாம். கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு, கர்ப்பம் பதிவாகும் வரை காத்திராமல், மாதம் ஒரு சிலிண்டர் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்யலாம். அதற்கு முன்னால் அவளுக்கு ஆலோசனை சொல்லும் தகுதி நமக்கு இல்லை.