சுவருக்குள் மறையும் கல்

மனிதன் அமைதி பெறும் இடமாக வீட்டை ஆக்கித் தந்திருப்பதை அல்லாஹ் சூரா அந்நஹ்லில் தன் அருட்கொடைகளுள் ஒன்றாக நினைவூட்டுகின்றான். அந்த அருட்கொடைக்காக நம் குடும்பத்து ஆண்கள் வளைகுடாவில் பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைக்கின்றனர். ஆனால் வேலை தொடங்கியதும் முகப்பு எப்படி அமைய வேண்டும், படிக்கு எந்தக் கிரானைட், தலைவாசலுக்கு எந்தத் தேக்கு என்று மாதக்கணக்கில் ஆலோசிக்கின்றோம். சுவருக்கு எந்தக் கல் என்பதை மட்டும் "நீங்களே பார்த்துப் போடுங்கள்" என்று மேஸ்திரியிடம் விட்டுவிடுகின்றோம். பூச்சு முடிந்தால் கல் கண்ணுக்குத் தெரியாது. எனவே செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் குறைப்பதும் அதில்தான். இந்த வரிசை தலைகீழானது என்பதே நம் கருத்து. முகப்பில் சிக்கனம் செய்யலாம். கல்லில் செய்யக் கூடாது.

செங்கல் விஷயத்தில் மார்க்கம் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். சூரா அல்கஸஸில் ஃபிர்அவ்ன் தன் அமைச்சன் ஹாமானிடம் களிமண்ணைச் சுட்டு உயர்ந்த மாளிகை எழுப்பச் சொல்கின்றான். அந்தச் சுட்ட கல்லின் நோக்கம் பெருமை. மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களோடு சேர்ந்து கல் சுமந்து எழுப்பிய மஸ்ஜிதோ சுடாத மண்கல்லால் ஆனது. பேரீச்ச மரத் தண்டுகளே தூண்கள், மட்டைகளே கூரை. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் அதே பள்ளியைச் செதுக்கிய கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் விரிவாக்கினார்கள். ஆகவே மண்கல் என்பதால் தக்வாவும் இல்லை, விலையுயர்ந்த கல் என்பதால் குற்றமும் இல்லை. இடத்துக்கும் தேவைக்கும் வசதிக்கும் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

முதலில் பார்க்க வேண்டியது, சுவர் எதைத் தாங்கப் போகிறது என்பது. இன்று பெரும்பாலான வீடுகளில் தளத்தின் பாரத்தைக் கான்கிரீட் தூண்களே சுமக்கின்றன. இடையில் நிற்கும் சுவர் தன் எடையைத் தாங்கினால் போதும். தூண் இல்லாமல் சுவரே தளத்தைத் தாங்கும் வீட்டில் கல்லின் உறுதி உயிர் சார்ந்த விஷயம். அங்கே பாதி வெந்த நாட்டுச் செங்கல்லை மலிவு என்று வாங்குவது, வீட்டில் உறங்கப் போகும் பிள்ளைகளின் அமானிதத்தில் கை வைப்பதாகும்.

அடுத்தது ஊர். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் உப்பே முதல் எதிரி. சரியாக வேகாத கல் ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு உப்பும் ஏறும். சில மழைக்காலங்களில் சுவர் வெண்மையாகப் பூத்துப் பூச்சு உதிரும். எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் நிற்காது. இத்தகைய ஊர்களில் நன்கு வெந்த சேம்பர் செங்கல்லையே நாம் பரிந்துரைப்போம். கல்லை மட்டும் நன்றாக வாங்கிவிட்டுக் கலவைக்கு உவர்நீரை ஊற்றினால் அதனால் பயனில்லை.

மேட்டூர், தூத்துக்குடி, வடசென்னை அனல்மின் நிலையங்களின் சாம்பலில் செய்யப்படும் ஃப்ளை ஆஷ் கல்லைப் பலர் ஏனோ இளக்காரமாகப் பார்க்கின்றனர். அது தவறு. முறையாகக் கலந்து, நாள் குறையாமல் நீரூற்றிப் பதப்படுத்திய சாம்பல் கல் அளவில் ஒரே சீராக இருக்கும். அதனால் பூச்சுச் செலவும் குறையும். செய்த சில நாட்களிலேயே லாரியில் ஏற்றிவிடும் பட்டறைகளிடம்தான் எச்சரிக்கை வேண்டும். மகளுக்கென்று பழைய வீட்டின் மேல் மாடி எடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அங்கே செங்கல்லில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எடையே உள்ள ஏஏசி கல் பாரத்தைக் குறைக்கும். எனினும் பழைய சுவர் அதையாவது தாங்குமா என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். அது நீரை உறிஞ்சும் தன்மையுடையது என்பதால் அஸ்திவாரத்தில் வைக்கக் கூடாது.

விலை கேட்கும்போது ஒரு கல்லின் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை. 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம், 6 அங்குலக் கனமுள்ள ஒரு சாலிட் பிளாக், 9 அங்குலச் செங்கற்கள் ஏழின் இடத்தை அடைக்கும். கல், கலவை, கூலி, பூச்சு எல்லாம் சேர்த்து நூறு சதுர அடிச் சுவருக்கு என்ன ஆகும் என்று கேட்பதே சரியான கணக்கு.

செங்கல்லைச் சோதிக்கப் பெரிய கருவி தேவையில்லை. இரண்டைத் தட்டினால் மணியோசை போல் கணீரென்று கேட்க வேண்டும். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. ஏறத்தாழ மூன்றடி உயரத்திலிருந்து தரையில் போட்டால் உடையக் கூடாது. உலர்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் எடை போட்டால், சாதாரண வகைக் கல்லில் கூடுதல் எடை 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். லாரிக்காரர் மேலே வைத்துக் காட்டும் கல்லை விட்டு, அடுக்கின் நடுவிலிருந்து எடுத்துச் சோதிக்க வேண்டும்.

கல் எப்படிச் செய்யப்பட்டது என்பதும் நம் கணக்கில் வர வேண்டும். உணவில் ஹலாலைத் துருவித் துருவி விசாரிக்கும் நாம், சூளையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. எனினும் முன்பணம் வாங்கிய குடும்பம், குழந்தைகளோடு சூளையிலேயே தங்கி, ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கூலியில் அந்தக் கடனைக் கழிக்க முடியாமல் தவிக்கும் நிலை முற்றிலும் மறையவில்லை. அடிமைத்தளையை விடுவிப்பதைக் கடினமான கணவாயைக் கடப்பதாகச் சூரா அல்பலத் கூறுகிறது. அதை ஓதும் நாம், அத்தகைய தளையில் சுடப்பட்ட கல்லை மலிவு என்பதற்காக மட்டும் வாங்கலாமா? மண்ணுக்கும் இதுபோன்ற கணக்கு உண்டு. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் வரம்பின்றித் தோண்டப்பட்டு, 2021-ல் அங்கிருந்த சூளைகளை மூட வேண்டிய நிலை வந்தது. எல்லாவற்றையும் நம்மால் துப்பறிய இயலாதுதான். ஆனால் வாங்கும் முன் ஒருமுறை சூளைக்கு நேரில் சென்று வர இயலும். அங்கே பள்ளி வயதுப் பிள்ளைகள் கல் சுமந்தால், வேறு சூளையைத் தேடவும் இயலும்.

இறுதியாக, ஒப்பந்தம். மழைக்காலத்தில் சூளை ஓடாது, விலை ஏறும் என்பதால் கோடையிலேயே பணம் கொடுத்துப் பிறகு கல் எடுப்பது வழக்கம். இது ஃபிக்ஹில் ஸலம் எனப்படும் முன்பண வணிகம். அச்சின் அளவு தெரிந்திருந்தால் பச்சைக்கல்லிலும் சுட்ட கல்லிலும் ஸலம் செல்லும் என்று ஹனஃபி சட்டநூலான ஹிதாயா கூறுகிறது. கல்லின் வகை, அளவு, எண்ணிக்கை, தரும் தேதி ஆகியவை தெளிவாக வேண்டும். பேசிய சபையிலேயே முழு விலையையும் கொடுத்துவிட வேண்டும். இந்த நிபந்தனை ஷாஃபிஈ மத்ஹபிலும் உண்டு. "கொஞ்சம் அட்வான்ஸ், மீதியை அப்புறம் பார்ப்போம்" என்று முடிக்கும் நம் வழக்கம் இதில் பொருந்தாது. தவணைக் கடனை எழுதிக்கொள்ளச் சொல்லும் சூரா அல்பகராவின் நீண்ட வசனத்தை மனத்தில் கொண்டு, இவற்றைச் சாட்சிகளோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளலாம். லாரியிலிருந்து இறக்கும்போது எண்ணி எடுப்பது யார், உடைந்து வரும் கல் யார் கணக்கு என்பதையும் அதே தாளில் சேர்த்துவிட்டால் பின்னர் மனக்கசப்பு வராது.