பிரையன் மே சத்தம் என்ன விலை?

'குயின்' குழுவின் பிரையன் மே மாதிரியே கிதார் சத்தம் வேண்டுமென்று என் வகுப்புத் தோழன் ஒருவன் ஒரு மாதமாகப் புலம்புகிறான். அவன் போட்டு வைத்திருக்கும் பட்ஜெட்டைப் பார்த்தேன், தலை சுற்றிவிட்டது. அவன் அப்பா ஒரு வருஷம் தவணை கட்ட வேண்டும்!

அடேய், அந்த மனுஷனின் 'ரெட் ஸ்பெஷல்' கிதாரே காசில்லாத வீட்டில் பிறந்ததுதான். கடையில் நல்ல கிதார் வாங்க வசதியில்லை. 1963-ல் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து செய்ய ஆரம்பித்தார்கள்; முடிக்க இரண்டு வருஷம் ஆனது. கழுத்துக்குப் பழைய கணப்படுப்பின் மரச்சட்டம். ட்ரெமலோவுக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். ரெக்கார்டிங்கில் அவர் பயன்படுத்திய 'டீக்கி' ஆம்ப், குப்பையில் கிடைத்த சர்க்யூட் போர்டை வைத்து ஜான் டீக்கன் செய்தது.

சரி, நம் பட்ஜெட்டுக்கு வருவோம்.

காசே இல்லையா? பிளாஸ்டிக் பிக்கை வீசிவிட்டு, ஓரத்தில் வரி ஓடும் நாணயத்தால் வாசி. அவர் கையில் இருப்பது பழைய ஆறு பென்ஸ் காசு. கம்பியில் அது உரசும் சத்தம்தான் பாதி மேட்டர். அடுத்து, ஒரே மெட்டை மூன்று சுருதியில் தனித்தனியாகப் பதிந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. அவருடைய 'கிதார் ஆர்க்கெஸ்ட்ரா' அதுதான். கம்ப்யூட்டரில் இலவச மென்பொருளே போதும்.

கொஞ்சம் காசு இருக்கிறதா? ஒரு ட்ரெபிள் பூஸ்டர் வாங்கு. மேல் ஸ்தாயியைத் தூக்கிவிடும். ஆம்ப் கதறும்போதும் சத்தம் சேறாகாது.

நிறைய இருக்கிறதா? வாக்ஸ் ஏசி30 வாங்கலாம். ஆனால் அதை முழுச் சத்தத்தில் அலறவிட்டால்தான் அந்த இழைவு வரும். ஹாஸ்டலில் அலறவிட்டால் வார்டன்தான் வருவார் :)

பணத்தால் ஒன்றுமே ஆகாது என்று சொல்லவில்லை. அவர் கிதாரில் ஒவ்வொரு பிக்கப்புக்கும் ஃபேஸ் மாற்றும் சுவிட்ச் உண்டு. அதில் வரும் சில சத்தங்கள் சாதா கிதாரில் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது கடைசிப் படி. நம் ஆட்கள் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். விலைப்பட்டியல் போடுகிறவர்களும் 'காசு கம்மி என்றால் உனக்குப் போலிதான்' என்கிற மாதிரியே எழுதுகிறார்கள். அசலே கைச்சரக்கு, இதில் போலி எங்கே வந்தது?

தோழா, அப்பாவிடம் தவணைக்குக் கையெழுத்து கேட்காதே. பிரையன் மே தன் அப்பாவிடம் கேட்டது கையெழுத்தை அல்ல, கையை.